அடிக்கணக்கில் வாங்கிய கைப்பிடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆவணி மாதத்தில் திருப்பாதிரிப்புலியூரில் உறவினர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். வாசலில் தேக்கு நிலை, கூடத்தில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ், சமையலறையில் ஆளுயர அலமாரிகள் என்று எதிலும் குறை வைக்கவில்லை. மாடிப்படியில் மட்டும் கைப்பிடி இல்லை. அதற்குப் பதிலாகக் கீழிருந்து மேல்வரை ஒரு தேங்காய்நார்க் கயிற்றை இழுத்துக் கட்டி, இடையிடையே மாவிலையைச் செருகித் தோரணமாக்கியிருந்தார்கள். பந்தி மாடியில் என்பதால் எழுபதைத் தாண்டிய பெரியவர்களும், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்களும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஏறி இறங்கினார்கள். "கைப்பிடி எப்போது வரும்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "கையிலிருந்த பணமெல்லாம் தீர்ந்துவிட்டது மாமா, தை பிறக்கட்டும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 2013இல் தேவனாம்பட்டினம் சாலைப் பக்கம் நான் வீடு கட்டியபோது என் வீட்டுப் படியிலும் அதே கயிறும் அதே மாவிலையும்தான் தொங்கின.

நான் 31 ஆண்டுகள் ஒரு தொழிற்சாலையின் பண்டகசாலையைக் கவனித்துவந்தவன். தகடு, குழாய், ஆங்கிள் என்று எது வந்தாலும் எடைமேடையில் ஏற்றி, ரசீதிலுள்ள கிலோவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு துண்டைக்கூட உள்ளே விட்டதில்லை. அப்படிப்பட்டவன் சொந்த வீட்டுக்குக் கைப்பிடி வாங்கப் பட்டறைக்குப் போய்க் கேட்ட கேள்வி, "அடி என்ன விலை?" என்பது ஒன்றுதான். அந்தக் கேள்விக்காக அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நான் கொடுத்த விலையைப் பற்றியும், இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் மகள் கட்டும் வீட்டுக்கு வேறு வழியில் கணக்குப் போடுவதைப் பற்றியும் எழுதினால், வீடு கட்டத் தொடங்கியிருக்கும் தங்கள் வாசகர்கள் சிலருக்காவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். மாலையில் மொட்டைமாடியில் நின்றால் உதட்டில் உப்புத் தட்டும். அந்தக் காற்றுதான் எங்கள் ஊரில் எந்த உலோகத்துக்கும் முதல் பரீட்சை. படிக்கட்டுக்குப் போட்ட எவர்சில்வர் கைப்பிடி, வேலை முடிந்த அன்று கண்ணாடிபோல் மின்னியது. அடுத்த பொங்கலுக்கு வீட்டைத் துடைத்தபோது பார்த்தால், பற்றவைத்த மூட்டுகளைச் சுற்றிலும், தூண்களின் அடியில் மாட்டியிருந்த கிண்ணங்களின் ஓரத்திலும் தேநீர் சிந்திக் காய்ந்ததுபோல் பழுப்புப் புள்ளிகள். துடைத்தால் போய்விடும், இரண்டு மாதத்தில் மறுபடியும் வரும். பட்டறைக்காரர், "கடற்கரை ஊரில் அப்படித்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அது பாதி உண்மை.

மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. எவர்சில்வர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் துருப்பிடிக்காத எஃகில் பல தரங்கள் உண்டு. கைப்பிடி வேலைக்கு நம் பட்டறைகளில் புழங்குபவை பெரும்பாலும் 202, 304 ஆகிய இரண்டும்தான். 304 தரத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 202 தரத்தில், விலை அதிகமுள்ள நிக்கலைப் பாதியளவுக்குக் குறைத்து அந்த இடத்தை மாங்கனீசால் நிரப்புகிறார்கள். மெருகேற்றி வைத்தால் இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. "காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், அசல் 304" என்று பட்டறையில் காட்டுவார்கள். 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. போதாக்குறைக்கு, வளைத்த இடத்திலும் பற்றவைத்த இடத்திலும் அசல் 304 தரத்திலேயே காந்தம் இலேசாக இழுக்கும். இதற்கென்றே சொட்டு மருந்துபோல் சிறு புட்டியில் ஒரு திரவம் விற்கிறார்கள். துடைத்த குழாயின்மீது ஒரு சொட்டு வைத்து, ஒரு சிறு பேட்டரியின் முனைகளைத் தொடவைத்தால், மாங்கனீசு மிகுந்த குழாயில் அந்தச் சொட்டு சில நொடிகளில் சிவந்துவிடும். என் வீட்டுக் கைப்பிடியில் அது செம்பருத்திச் சாறுபோல் சிவந்தது. பழைய ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். "எஸ்.எஸ். ரெய்லிங், 40 அடி" என்று மட்டும் எழுதியிருந்தது. 304 என்ற எண் பட்டறைக்காரரின் வாயில் இருந்தது, தாளில் இல்லை. பண்டகசாலையில் இப்படி ஒரு ரசீதை நான் ஏற்றிருந்தால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

தரம் மட்டுமே குற்றவாளி என்றும் சொல்லமாட்டேன். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் சிமென்ட் கறை போகக் கொத்தனார்கள் தரையில் ஆசிட் ஊற்றித் தேய்ப்பது வழக்கம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கீழே ஊற்றியதன் ஆவி மேலே நிற்கும் கைப்பிடியில் படிந்தால் போதும், பத்து ஆண்டுக் கடற்காற்று செய்கிற வேலையை ஒரே நாளில் செய்துவிடும். பட்டறையில் சாதா இரும்புக் கேட்டைத் தேய்த்த அதே அரைக்கும் வட்டைக்கொண்டு எவர்சில்வர் மூட்டையும் தேய்த்தால், இரும்புத்தூள் அதில் பதிந்து, முதல் மழைக்கே துருப்பிடித்துக் காட்டும். இவற்றோடு நான் எதிர்பார்க்காத வேறொன்றையும் கவனித்தேன். மழை அடித்து நனையும் பகுதியைவிட, மாடிப்படிக் கூரைக்கு அடியில் மழையே படாத பகுதிதான் முதலில் கறுத்தது. மழை உப்பைக் கழுவிவிடுகிறது. கூரைக்கு அடியில் படிந்த உப்பு அப்படியே தங்குகிறது. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்கும் வேலையை யார் செய்வது என்பதையும் கைப்பிடிச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கறை கண்ணுக்கு உறுத்தல், அவ்வளவுதான். 2019இல் நடந்தது வேறு. அப்போது 81 வயதான என் தாயார் மாடியிலிருந்து இறங்கிவந்து, கடைசிப் படிக்கு முந்தின படியில் கால் தடுமாறி, அடித்தூணைப் பற்றிக்கொண்டார்கள். தூண் அவர்களோடு சேர்ந்து வந்துவிட்டது. நல்லவேளையாகப் படியிலேயே உட்கார்ந்துவிட்டதால் மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று. இடுப்பெலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலை நான் அந்த போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மூன்று அங்குல நீளம். தூணின் அடித்தகடு கால் அங்குலம், அதற்குக் கீழே கிரானைட் முக்கால் அங்குலம், அதற்கும் கீழே கிரானைட்டை ஒட்டப் போட்ட சிமென்ட் கலவை ஓர் அங்குலம். எல்லாவற்றையும் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் போனது ஓர் அங்குலம்கூட இல்லை. போல்ட்டின் நுனியில் மட்டும் சாம்பல் நிறத்தில் கான்கிரீட் தூள் ஒட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் கலவையின் மணல். கிரானைட்டின் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் துளையிட்டதால் கல்லும் பிறைபோல் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. ஐந்து அங்குல போல்ட்டாக இருந்தால் விலையில் சில ரூபாய்தான் கூடியிருக்கும். ஆனால் அடிக்கணக்கில் விலை பேசும்போது போல்ட்டின் நீளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மொட்டைமாடியில் பணம் மிச்சமாகட்டும் என்று சாதா இரும்புச் சதுரக்குழாயில் கிராதி போட்டிருந்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்ததைப் பார்த்தவன் என்பதால், தூண்களை நெருக்கமாக வைக்கச் சொல்லியிருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே எனாமலும் பூசிவந்தேன். ஒவ்வொரு முறையும் பெயிண்ட் விலையைவிடச் சுரண்டுகிற கூலிதான் அதிகமாக இருந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறிய மறுநாள் காலையில் மாடிக்குப் போனால், மேற்கு மூலையில் கிராதி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. வெளியில் பெயிண்ட் புதிதாகவே இருந்தது. தூணின் அடியை விரலால் அழுத்தினேன். நமத்த அப்பளம்போல் உள்ளே போய்விட்டது. குழாய் உள்ளிருந்தே அரித்துவந்திருக்கிறது. திருகாணித் துளைகள் வழியாகவும், மூடாமல் விட்ட முனைகள் வழியாகவும் புகுந்த மழைநீர் அடியில் தேங்கி நின்று, நான் பெயிண்ட் பிரஷ்ஷை விடவே முடியாத இடத்தில் தன் வேலையைச் செய்திருக்கிறது.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலையை ஒட்டிய பிரெஞ்சுக்காலத் தெருக்களில் நடப்பவர்கள், பழைய வீடுகளின் முகப்பு மாடங்களில் இருக்கும் இரும்புக் கிராதிகளைக் கவனித்திருப்பார்கள். என் வீட்டைவிடக் கடலுக்கு மிகப் பக்கத்தில், எத்தனையோ தலைமுறைகளாக நிற்கின்றன. அவற்றைச் செய்தவர்களுக்கு ஏதோ இரகசியம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அருகில் போய்ப் பார்த்தால், எல்லாம் திண்ணிய கம்பியும் பட்டையும். உள்ளே பொள்ளலே இல்லை. பிரஷ் போகாத மூலை கிடையாது. ஒவ்வொரு தலைமுறையும் மேலே ஒரு பூச்சுப் பூசிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று நாம் கனமாகத் தெரிகிறதே என்று ஓர் அங்குலச் சதுரக்குழாயை வாங்குகிறோம். 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள அந்தக் குழாய் மீட்டருக்கு 900 கிராம்தான் இருக்கும். அதைவிட ஒல்லியாகத் தெரியும் 12 மில்லிமீட்டர் சதுரக்கம்பி மீட்டருக்கு 1,130 கிராம். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதற்கும் கையிலே கனப்பதற்கும் சம்பந்தம் இல்லை.

2025 தொடக்கத்தில் படிக்கட்டுக் கைப்பிடியை முழுவதுமாக மாற்றத் தீர்மானித்தபோது, கடலூரிலும் புதுச்சேரியிலுமாகச் சில பட்டறைகளில் விலை கேட்டேன். எல்லாரும் 304 என்றார்கள், எல்லாரும் அடிக்கணக்கில் சொன்னார்கள். ஒருவர் அடிக்கு 650 ரூபாய், இன்னொருவர் 750 ரூபாய். 40 அடிக்கு முதலாமவரிடம் 26,000, இரண்டாமவரிடம் 30,000. முன்புபோல் இருந்திருந்தால் முதலாமவரிடம் அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். இந்த முறை இரண்டு பேரிடமும் குழாயின் கனத்தைக் கேட்டேன். முதலாமவர் 18 கேஜ் என்றார், அதாவது 1.2 மில்லிமீட்டர், குறுக்குக் குழாய்கள் இன்னும் மெல்லியவை, ஒரு மில்லிமீட்டர். இரண்டாமவர் கைப்பிடிக்கும் தூணுக்கும் 1.5 மில்லிமீட்டர், குறுக்குக் குழாய்க்கு 1.2 என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். குழாயின் வெளிவிட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, மீதியைக் கனத்தால் பெருக்கி, அதை 0.0249ஆல் பெருக்கினால் எவர்சில்வர் குழாயின் எடை மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். அளவுகள் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேலே இரண்டு அங்குலக் குழாய், மூன்று அடிக்கு ஒரு தூண், நடுவில் மூன்று குறுக்குக் குழாய்கள் என்று வைத்துப் பார்த்தால், அடித்தகடும் போல்ட்டும் நீங்கலாக முதலாமவர் தரப்போவது ஏறத்தாழ 45 கிலோ. இரண்டாமவர் தரப்போவது 55 கிலோ. கிலோவுக்குப் பார்த்தால் முதலாமவர் 578 ரூபாய், இரண்டாமவர் 545 ரூபாய். அடிக்கு நூறு ரூபாய் மலிவு என்று தெரிந்தவர்தான் கிலோவுக்கு முப்பது ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கேட்கிறார்.

எடையைச் சோதிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். குழாய்கள் இருபது அடி நீளத்தில் வருகின்றன. இரண்டு அங்குலக் குழாய் ஒன்று, 1.5 மில்லிமீட்டர் கனமானால் பதினொரு கிலோவைத் தாண்டும், 1.2 ஆனால் ஒன்பது கிலோ. ஒரு மில்லிமீட்டர் ஆனால் ஏழரைக் கிலோதான். பழைய பேப்பர்க்காரர் கையில் பிடித்திருக்கும் கொக்கித் தராசு போதும். நான் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு, வெட்டுவதற்கு முன்னால் வருகிறேன் என்று சொல்லிப் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பையன்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை; குழாயின் நடுவில் கயிறு போட்டு அவரே தூக்கிக் காட்டினார். பிறகு தேநீர் வரவழைத்துவிட்டு அவர் சொன்னதையும் இங்கே எழுதிவிடுவதுதான் நியாயம். "வருகிறவர்கள் எல்லாரும் அடிக்கு ஐம்பது ரூபாய் குறை என்கிறார்கள். குறைத்துவிடுகிறேன். எதில் குறைத்தேன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை" என்றார்.

வெட்டும்போது வீணாவதும் நம் கணக்கில்தான் ஏறும். இருபது அடி என்பது 240 அங்குலம். தூணை 42 அங்குலமாக வெட்டினால் ஒரு குழாயில் ஐந்து தூண்கள் கிடைத்து, இரண்டரை அடித் துண்டு மிஞ்சும். 39½ அங்குலமாக வெட்டினால் ஆறு தூண்கள் கிடைக்கும், மூன்று அங்குலம்தான் மிச்சம். கைப்பிடியின் மொத்த உயரம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது என்பதால், அடித்தகட்டையும் மேல்குழாயையும் சேர்த்துப் பார்த்தே இந்த அளவைத் தீர்மானிக்க வேண்டும். மிஞ்சிய துண்டுகளுக்கும் நாம்தான் பணம் கொடுத்திருக்கிறோம், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குளியலறைச் சுவரில் பிடிமானம் வைக்க அந்த இரண்டரை அடித் துண்டைவிடப் பொருத்தமானது கடையில் கிடைக்காது.

நீளத்திலும் ஏமாற்றம் நடக்கிறது, அதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வீட்டின் வரைபடத்தில் படிக்கட்டின் நீளம் தரையளவில் இருக்கும்; கைப்பிடி சாய்வில் போகும். கால் வைக்கும் மிதி பத்து அங்குலம், படியின் உயரமான எழுச்சி ஏழு அங்குலம் என்றால் ஒவ்வொரு படிக்கும் சாய்வில் 12.2 அங்குலம் வரும். பத்துப் படிக்கு 100 அங்குலம் என்று கணக்கு வைத்தவருக்கு 122 அங்குலம் தேவைப்படும். இரண்டு வரிசைப் படிகளிலும் சேர்த்து நான்கு அடிக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். இதோடு மேலும் கீழும் கடைசிப் படியைத் தாண்டி ஓர் அடி கைப்பிடி நீண்டிருக்க வேண்டும், ஏனென்றால் வயதானவர்கள் தடுமாறுவது கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில்தான். அந்த ஓர் அடியைச் செலவு என்று வெட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாகக் குழாயின் பருமனைக் குறைக்கலாம். இரண்டு அங்குலக் குழாய் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும், ஆனால் என் தாயாரின் கை அதைச் சுற்றிப் பிடிக்காது. ஒன்றரை அங்குலக் குழாய் என்றால் கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒன்றையொன்று தொடும். இருபது அடிக்கு ஏறத்தாழ மூன்று கிலோ எடையும் குறையும். சுவரோரம் வைப்பதானால் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் விரல் முட்டி சுவரில் உராயும்.

குறுக்குக் குழாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று குறுக்குக் குழாய்களை இன்று எல்லா வீடுகளிலும் பார்க்கிறோம். சிறுபிள்ளைகளுக்கு அது ஏணி. என் பேரன் இரண்டரை வயதில் அதில் ஏறி நின்றுகொண்டு கீழே இருந்த என்னைக் கூப்பிட்டான். செங்குத்துக் கம்பிகளாக, நடுவில் நான்கு அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளியோடு போட்டால் எடை கூடும், விலையும் கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தச் செலவைக் குறைக்க நான் சம்மதிக்கமாட்டேன். கண்ணாடிக் கைப்பிடியைப் பற்றி என் மகள் கேட்டாள். உப்புப் படியும் ஊரில் தினமும் கண்ணாடி துடைக்க ஆள் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லாஸ்பேட்டை வீட்டில் இப்போது அடித்தளம் முடிந்து சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. கைப்பிடிக்கான முதல் செலவை நாங்கள் இப்போதே செய்துவிட்டோம். ஆறுக்கு நான்கு அங்குலத்தில், எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடுகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு கம்பிகளை வளைத்துப் பற்றவைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து 15 கிலோவைத் தாண்டவில்லை. படிக்கட்டுக்குக் கான்கிரீட் போடும்போது இவற்றைக் கம்பிக்கட்டோடு சேர்த்துக் கட்டிப் புதைத்துவிட்டால், தூண்களை நேரே அவற்றின்மீது, இரும்பையும் எவர்சில்வரையும் இணைப்பதற்கென்று உள்ள 309 ராடைக்கொண்டு பற்றவைத்துக்கொள்ளலாம். பிறகு வரும் கிரானைட்டைத் தூணைச் சுற்றி வெட்டிப் பதித்துக்கொள்வார்கள். கல்லில் துளையிடும் பேச்சே இல்லை. ஆனால் தூண்கள் முன்கூட்டியே நிற்பதால் தரையைக் கழுவ ஆசிட் வாங்கக்கூடாது என்று கொத்தனாரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம். அவர் தலையாட்டினார், அந்த வாரத்தில் நானே போய் உட்கார்ந்துகொள்வதாக இருக்கிறேன். தூண்கள் வரும்வரை படியோரம் சவுக்குக் கட்டைகளைக் கட்டச் சொல்லியிருக்கிறோம். சவுக்கு விளையும் சீமையில் இருந்துகொண்டு அதற்குப் பஞ்சம் சொல்வதற்கில்லை.

மொட்டைமாடிக்கு அங்கே எவர்சில்வர் இல்லை. திண்ணிய கம்பியிலும் பட்டையிலும் கிராதி செய்து, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கப்போகிறோம். அந்தத் தொட்டி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். அதில் முக்கினால் மூலை முடுக்கெல்லாம் முலாம் ஏறிவிடும். முலாமுக்குப் பிறகு பற்றவைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும் என்பதால், குட்டியானையில் ஏற்றக்கூடிய எட்டு அடிச் சட்டங்களாகச் செய்து, துளைகளையும் முன்பே போட்டு, மாடியில் போல்ட்டால் முடுக்குவதாக ஏற்பாடு. முலாம் கூலியும் கிலோ கணக்குதான். முதல் செலவு சாதா இரும்பைவிடக் கூடுதல். ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுரண்டுகிற கூலியைப் பன்னிரண்டு ஆண்டுகள் கொடுத்தவனிடம் அந்தக் கூடுதலைப் பற்றி வாதாட வேண்டியதில்லை. கடலுக்கு நேர் எதிரில், நடுவில் ஒரு மறைப்பும் இல்லாமல் வீடு வைத்திருப்பவர்கள், எவர்சில்வர்தான் வேண்டும் என்றால் 304ஓடு நிற்காமல், மாலிப்டினம் சேர்ந்த 316 தரத்தைக் கேட்க வேண்டும். விலை நன்றாகவே கூடும். அத்தகையவர்கள் அளவைக் குறைத்துத் தரத்தைக் காப்பாற்றிக்கொள்வது நல்லது.

பணம் கொடுப்பதில் நான் கடைப்பிடிக்கும் முறை எல்லாருக்கும் பிடிக்காது. குழாய் வாங்க நாற்பது சதவீதம். குழாய் வந்து, எடையும் சொட்டுச் சோதனையும் முடிந்ததும் முப்பது. மாட்டி முடித்த அன்றே இருபது. மீதிப் பத்து ஒரு மழைக்காலம் கழிந்ததும். இரண்டு பட்டறைகளில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தராசில் தூக்கிக் காட்டியவர் ஒப்புக்கொண்டார். மாட்டிய அன்றே இருபதையும் கொடுத்துவிடுவேன் என்று அவர் நம்பியதுதான் காரணம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவருக்கு வரவேண்டிய பாக்கிகளைப் பற்றி அன்று ஒரு மணி நேரம் பேசினார். விலை பேசும்போது 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளேயா வெளியேயா, வண்டி வாடகை யாருடையது, மாடியில் வேலை செய்யச் சாரம் கட்டுவது யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுதி வாங்காவிட்டால் அடிக்கு 750 என்பது முடிவில் 950 ஆகிவிடும்.

இந்தக் கடிதத்தின் வழியாக இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். வீட்டு வரைபடமும் மதிப்பீடும் தயாரிக்கும் பொறியாளர்கள், கைப்பிடி என்று ஒரே வரியில் ஒரு மொத்தத் தொகையை எழுதிவிட்டு நகர்ந்துவிடாமல், தரம், வெளிவிட்டம், கனம், மொத்த எடை ஆகிய நான்கையும் எழுதித் தர வேண்டும். கட்டுக்கம்பிக்கு ஒவ்வொரு கிலோவாகக் கணக்கிட்டுத் தருபவர்களுக்கு இது பெரிய வேலை அல்ல. அந்தத் தொகையையும், வங்கிக் கடனின் கடைசித் தவணைக்கு ஒதுக்காமல், படிக்கட்டுக் கான்கிரீட் செலவோடு சேர்த்து வைக்கலாம்.

இரண்டாவது வேண்டுகோள் தங்களுக்கு. தங்கம், வெள்ளி விலையை நாள்தோறும் தாங்கள் வெளியிடுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் வாரம் ஒருமுறையாவது இரும்புக் கம்பி, 202, 304, 316 தரக் குழாய்கள் ஆகியவற்றின் கிலோ விலையையும் வெளியிட்டால், பட்டறைக்குப் போகிறவர் அடி விலையைக் கேட்பதற்கு முன்னால் கையில் ஒரு கணக்கோடு போவார். திருப்பாதிரிப்புலியூர் உறவினர் தை மாதத்தில் கைப்பிடி போடப்போகிறார். கொக்கித் தராசை அவருக்கு இரவல் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பண்டகக் காப்பாளர்,
தேவனாம்பட்டினம் சாலை, கடலூர்.